பொட்டு வைத்தால் போதாது!

சித்திரை பிறந்து, பரீட்சையும் முடிந்துவிட்டால் பிள்ளைகளை வீட்டில் கட்டிப்போட முடியாது. எருமப்பட்டிப் பக்கம் அறுவடையான காடுகூட கிரிக்கெட் மைதானமாகிவிடும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் வேறு. விளையாடட்டும், நல்லதுதான். ஆனால் தோலை யார் கவனிப்பது?

"நம்ம கறுப்புத் தோலுக்கு சன் ஸ்கிரீன் எதுக்குங்க டாக்டர்?" என்பார்கள் சிலர். கறுப்பு நிறம் தரும் மெலனின் ஓரளவு காப்பது உண்மை. அதற்காக நம் தோல் கன்றாது, மங்கு படராது என்று இருந்துவிட முடியாது.

"மஞ்சளும் கற்றாழையும் போதாதா? நீங்க சித்த வைத்தியர்தானே!" என்று மடக்குகிறவர்களும் உண்டு. சித்த வைத்தியன் என்பதால்தான் சொல்கிறேன்: போதாது. வெயிலில் காந்திய தோலுக்குக் கற்றாழைச் சோறு குளிர்ச்சி தரும். புற ஊதாக் கதிரைத் தடுக்க அதை நம்ப முடியாது. பாட்டன் சொத்து என்பதற்காக இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்வது வைத்தியத்துக்கு அழகல்ல.

கிரிக்கெட் வீரர்கள் மூக்கில் வெள்ளையாகப் பூசுவது துத்தநாக ஆக்சைடு. துத்தநாகம் நமக்குப் புதிதல்ல. நாக பற்பம் செய்வது அதில்தான். உடனே பற்பத்தைக் குழைத்து முகத்தில் அப்பிவிடாதீர்கள்! அது வைத்தியர் அளவு பார்த்து உள்ளுக்குத் தருகிற மருந்து.

கிரீம் வாங்கினால் முறையாகப் பூசுங்கள். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், புற ஊதாக் கதிரின் ஏ, பி இரண்டு வகையையும் தடுப்பதாகவும், வியர்வைக்குத் தாங்குவதாகவும் இருக்கட்டும். கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பே பூச வேண்டும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவினால் காசுதான் வீண். முகம், கழுத்துக்கு மட்டுமே ஒரு டீஸ்பூன் அளவு வேண்டும். காது மடலையும் பிடரியையும் மறக்காதீர்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவையும், வியர்வையைத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும்.

இன்னொன்று. கிரீம் தோலைக் காக்குமே தவிர, வெயில் மயக்கத்தைத் தடுக்காது. அதனால் போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: விடிந்ததும் ஆட்டத்தைத் தொடங்கி 10 மணிக்கு நிறுத்துங்கள், மிச்சத்தை 4 மணிக்கு மேல் வையுங்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, மர நிழல், பானைத் தண்ணீர், உப்புப் போட்ட மோர் இவையெல்லாம் இருக்கட்டும்.

ட்யூப் வாங்க வசதியில்லாத பிள்ளையும் அதே மைதானத்தில்தான் ஓடுகிறது. ஆட்ட நேரத்தை மாற்றினால் அந்தப் பிள்ளையும் தப்பிக்கும்; அதற்குச் செலவும் இல்லை.