இருபத்திரண்டாம் நாள் குஞ்சு எங்கே மேயும்?

நாட்டுக்கோழி முட்டையை வீட்டிலேயே பொரிக்க வைப்பது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகளுக்கு இன்று பஞ்சமில்லை. ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஒரு கிண்ணத் தண்ணீர். இன்குபேட்டர் தயார். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கல்லல் பக்கம் ஊரோடு இருக்கும் தோழர்களுக்கு இது நல்ல வழியாகத் தெரிவதில் வியப்பில்லை. முயன்று பாருங்கள் என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் அந்தக் காணொளிகள் எல்லாம் 21ஆம் நாள் ஓடு உடைந்ததும் முடிந்துவிடுகின்றன. சேரியின் கேள்வி அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். முட்டை இட்டு ஏழு நாளைக்குள் அடை வைத்துவிட வேண்டும். கழுவக் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. விசிறி உள்ள பெட்டியில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் முதல் 18 நாட்கள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாட்கள் 65க்கு மேல். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் குறி போட்டு, தினம் மூன்று முறையாவது புரட்டிவிட வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு பிடித்த முட்டையில் சிலந்தி வலை போல ரத்த நாளங்கள் தெரியும். தெரியாததை எடுத்துவிடலாம். 18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் பதற வேண்டாம். சுடுதண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துச் சாக்கால் மூடுங்கள். கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கும். அதிகச் சூட்டைத் தாங்காது.

இதில் எதுவும் அயல்நாட்டு வித்தை அல்ல. மணல் பரப்பிய கூடையில் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து, கேறுகிற கோழியை அதன்மேல் உட்கார வைக்கும் நம் அப்பத்தாக்களுக்குத் தெரிந்ததுதான். அடைக்கோழி தானே முட்டையைப் புரட்டும், தன் உடம்புச் சூட்டை அளந்து கொடுக்கும். அந்த வேலையைத்தான் பெட்டி செய்கிறது. பட்டறிவாக இருந்தவரை இந்தப் பெண்களின் அறிவுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதையே இன்னொருவர் ‘பாரம்பரியம்’ என்று பெயர் ஒட்டி விற்றால் விலை கூடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வளர்ப்பவர்கள் உயர்ந்த இனம் என்று சொல்ல ‘சாதிக்கோழி’ என்பார்கள். சுத்த ரத்தம் கெடக்கூடாது என்று, ஒரே சேவலை அதன் குஞ்சுகளோடே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் என்ன ஆகும்? பொரிக்கும் முட்டை குறையும், குஞ்சு சவலையாகும். அடுத்த ஊரிலிருந்து சேவலை மாற்றுங்கள் என்பதுதான் கோழி வளர்ப்பின் அரிச்சுவடி. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். சாதிக்கு உயிரியல் நியாயம் தேடியவர்களுக்கு 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிலும் சொன்னார். கோழிக்குக் கூட ஆகாத சுத்தத்தை மனிதர்களிடம் கேட்டுத்தான் இங்கே அரிவாள் தூக்குகிறார்கள்.

இப்போது 22ஆம் நாளுக்கு வருவோம். முப்பது குஞ்சு பொரித்துவிட்டது. முதல் வாரம் பல்புச் சூட்டில் ஒரு அட்டைப்பெட்டி போதும். ஒன்றிரண்டு மாதத்தில் அவை மேய வேண்டும். எங்கே? மூன்று சென்ட் காலனி வீட்டில் கொல்லை ஏது? தெருவைத் தாண்டினால் அடுத்தவர் தோட்டம். கோழி இரண்டு நாற்றைக் கொத்தினால், அது கோழியின் குற்றமாக நிற்பதில்லை. யாருடைய கோழி என்ற கேள்வி வரும். பிறகு சாதிப் பெயர் வரும். ஊர்த்தெருக் கோழி மேய்வது இயல்பு, சேரிக் கோழி மேய்வது அத்துமீறல் என்றாகிவிடும்.

இந்த மண்ணில் இது புதிதல்ல. கல்லல் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, மண்பாத்திரம் தவிர வேறு புழங்காதே. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, நிலக்கிழாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும், சொந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு அவரிடமே விற்க வேண்டும் என்பவையும் அவற்றில் அடக்கம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

தடைகளின் தர்க்கம் தெளிவானது: அவர்களிடம் சொந்தமாக எதுவும் இருக்கக் கூடாது. கையில் நாலு கோழி இருக்கும் பெண், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஒன்றை விற்றுவிடுவாள். பண்ணையாரிடமோ வட்டிக்காரரிடமோ போய் நிற்க மாட்டாள். இன்றைய குழுக்கடன் தவணைக்கும் அதே கணக்குதான். கோழி சின்னது. அது தரும் தன்மானம் சின்னதல்ல.

ஆகவே தோழர்களே, பெட்டி செய்யுங்கள். தனித்தனியாக அல்ல, தெருவுக்கு ஒன்றாகச் செய்யுங்கள். அப்பத்தாக்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ஏழாம் நாள் குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் தடுப்பூசி. கால்நடை மருந்தகத்தில் இவற்றை உரிமையோடு கேளுங்கள். தடுப்பூசி முகாம் ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் சேரிக்குள்ளும் வர வேண்டும் என்று மனு கொடுங்கள்.

பெண்களுக்கு இலவசக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டங்களை அரசும் நடத்தியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் குஞ்சைக் கொடுத்துவிட்டு மண்ணைக் கொடுக்காமல் விட்டால், அது பாதித் திட்டம். அருகே செட்டிநாட்டில் அரசு கால்நடைப் பண்ணையே இருக்கிறது. நிலமற்ற குடும்பங்களுக்குக் கொல்லையோடு சேர்ந்த மனைப்பட்டாவும், பெண்கள் கூட்டாகக் கோழி வளர்க்கப் புறம்போக்கில் வேலியிட்ட இடமும் கேட்பது பேராசை அல்ல. பெட்டிக்குள் குஞ்சு பொரிக்க 21 நாள் போதும். அது மேய்வதற்கான மண்ணை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.