கட்டும் முன் கணக்குப் பார்ப்போம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நாம் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி, "பிள்ளையை எங்கே சேர்க்கப் போறீங்க?" என்பதுதான். பல குடும்பங்களில் இதற்கான பதில் அடகுக் கடையில்தான் முடிவாகிறது. கழுத்து நகையும், ஊரில் இருந்த காணி நிலமும் ஒரு தனியார் கல்லூரியின் முதலாம் ஆண்டுக் கட்டணமாக மாறுகின்றன.

தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984இல் கதவு திறக்கப்பட்டது. இன்று மாநிலத்தில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனியாருடையவை. உழவர், மீனவர், கூலித் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரிகள் பலர் இவற்றின் வழியாகவே உருவானார்கள். இந்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால், கொடுக்கும் விலைக்குத் தகுந்த கல்வி கிடைக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் கடமை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் கல்விக்கடன் வாங்குகிறோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, தனிவட்டியோடு கடன் 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய் வேண்டும். 15,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு அது ஏறக்குறையப் பாதி வருமானம்!

இந்தச் சுமையைக் குறைக்க வழிகள் உண்டு. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகள் தரச்சான்று பெற்ற கல்லூரிகளில் தொழிற்படிப்பு படித்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010இல் கொண்டுவந்தது. ஆனால் அது கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்கே கிடைக்கும். அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்குவோர் அதை இழந்துவிடுகிறார்கள். 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டுமே உரியது. நம் திருச்சபை நடத்தும் உதவிபெறும் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது இல்லை என்பதும் நம் கவனத்துக்குரியது.

நாம் கொடுக்கும் பணம் யாருக்காக? கட்டடத்துக்கா, பேருந்துக்கா, கற்றுத்தரும் ஆசிரியருக்கா? ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்ட முறைகேடு 2024 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே விளம்பரப் பலகையை மட்டும் நம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விவரத்தைப் பார்ப்போம். அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடமாவது பேசிப் பார்ப்போம். ரசீது இல்லாமல் நன்கொடை கேட்டால் மறுப்போம். கட்டாய நன்கொடையைத் தடைசெய்யும் சட்டம் இம்மாநிலத்தில் 1992 முதல் இருக்கிறது.

இதே கேள்வி நம் நிறுவனங்களுக்கும் பொருந்தும். நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் உதவிபெறும் பிரிவுக்கு அருகிலேயே சுயநிதிப் பிரிவும் நடக்கிறது. ஒரே வளாகம், ஒரே சிற்றாலயம். ஆனால் கட்டணம் வேறு. அரசு ஊதியம் தராத பிரிவில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டணம் தேவைதான். என்றாலும், அந்தக் கட்டணத்தால் வாசலிலேயே திரும்பிப்போகும் பிள்ளை நம் பங்கைச் சேர்ந்ததாக இருந்தால் நாம் என்ன செய்கிறோம்?

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்தார். அந்தக் கணக்கை ஏழைப் பெற்றோர் தனியே போட வேண்டியதில்லை. அன்பியக் கூட்டத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குவோம். பங்கிலுள்ள ஆசிரியரும் வங்கி ஊழியரும் கலந்தாய்வு விண்ணப்பத்துக்கும் கடன் விண்ணப்பத்துக்கும் உதவட்டும். நகை அடகுக்குப் போகும் முன்பே அந்தக் கூட்டம் நடக்கட்டும்.