ஊருக்கு ஒரு செய்திக் குதிர்

"மாமா, நம் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துவிடலாம்" என்று என் தமக்கையின் மகன் சொன்னபோது, நான் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனேன். திருவாதவூர்வாசியான எனக்குச் சர்வர் என்றால், தோளில் துண்டும் கையில் நான்கு தம்ளருமாக "சூடா ஒரு காப்பி!" என்று கூவுகிறவர்தான் நினைவுக்கு வருவார்.

"யாருக்குப் பரிமாறுவதற்கு அப்பா?" என்று கேட்டேன்.

"கிளையண்டுகளுக்கு" என்றான்.

கிளையண்ட் என்றால் மேலூர்க் கோர்ட்டில் வக்கீலுக்குப் பின்னால் கை கட்டி நிற்கிற கட்சிக்காரர் என்பது ஒன்றே நான் அறிந்தது. காப்பி கொண்டுவருகிறவரும் கட்சிக்காரரும் சேர்ந்து நம் வீட்டுக் கூடத்தில் என்ன செய்யப் போகிறார்கள் என்று விளங்காமல், பையன் மதுரையிலிருந்து சுமந்து வந்த பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மாத காலம் அந்தப் பெட்டியோடு பழகிய பிறகு, அதைப்பற்றி நேயர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும் தைரியம் இப்போது வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். செய்தி சர்வர் என்பது நெல் குதிரைப் போன்ற ஒரு சேமிப்பு. கடிதங்கள், கட்டுரைகள், வாத விவாதங்கள் எல்லாம் குழு குழுவாக அதில் அடுக்கப்பட்டிருக்கும். கிளையண்ட் என்பது நம் கையில் இருக்கும் வாசிப்பு நிரல். அது குதிரினிடம் போய், "இந்தக் குழுவில் புதிதாக என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டு வாங்கி நமக்குக் காட்டும்; நாம் எழுதுவதைக் கொண்டுபோய் அங்கே போடும். ஆனால் இதில் உள்ள விசேஷம் வேறு. ஓர் ஊர்க் குதிருக்கும் அடுத்த ஊர்க் குதிருக்கும் உறவு உண்டு. இங்கே விழுந்த கட்டுரையின் பிரதி அங்கே போகும். அங்கிருந்து அதற்கப்பால் போகும். இதற்குத் தலைநகரம் என்று ஒன்றும் கிடையாது. சொந்தக்காரர் என்று ஒருவரும் கிடையாது.

இந்த ஏற்பாட்டை 1979-ம் வருஷத்தில் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் யோசித்தார்கள். அண்டையிலிருந்த வட கரோலினா சர்வகலாசாலையில் படித்த ஸ்டீவ் பெல்லோவின் அதற்கு முதல் நிரலை எழுதினார். 1980-ல் அது நடைமுறைக்கு வந்தது. யூஸ்நெட் என்று பெயர் பெற்றது. அவர்களிடம் இருந்ததெல்லாம் சாதாரண டெலிபோன் கம்பிதான். ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றைக் கூப்பிட்டு, அன்றைய கட்டுரைகளை மாற்றிக்கொண்டு கம்பியை வைத்துவிடும். பின்னர் 1986-ல் பிரையன் கான்டர், பில் லாப்ஸ்லி என்னும் இருவர், இண்டர்நெட் வழியே இந்தப் பரிமாற்றம் நடப்பதற்கான பேச்சு முறையை வகுத்தார்கள். என்.என்.டி.பி. என்பது அதன் பெயர். சில திருத்தங்களுடன் இன்றைக்கும் அதுவே வழக்கில் இருக்கிறது.

இதன் சிறப்புக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். உலகளாவிய வலை என்று இன்று சிறு குழந்தையும் அறிந்திருக்கிறதே, அதைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1991 ஆகஸ்டில் தம் திட்டத்தை அறிவித்தது இத்தகைய ஒரு செய்திக் குழுவில்தான். லினக்ஸுக்கு மூலபுருஷரான லினஸ் டோர்வால்ட்ஸ் "ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்" என்று முதன்முதலில் அடக்கமாகச் சொன்னதும், அதே மாதத்தில், வேறொரு குழுவில்தான். கடல் கடந்த தமிழர்களும் இங்கே சும்மா இருக்கவில்லை. சோக்.கல்சர்.தமிழ் என்ற குழுவில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு, இலக்கணத்திலிருந்து இட்டலி வரையில் சண்டை போட்டார்கள். நம் எழுத்தை அப்படி அந்நிய உடையில் பார்ப்பது கண்ணுக்கு வேதனைதான். ஆனால் பேச்சு நிற்கவில்லை என்பதை மெச்ச வேண்டும்.

இரண்டு குதிர்கள் பேசிக்கொள்ளும் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு கட்டுரைக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி உண்டு. மதுரைப் பெட்டி எங்கள் பெட்டியிடம் முதலில் கட்டுரையை நீட்டுவதில்லை. "இன்ன குறியுள்ளது என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்றுதான் விசாரிக்கிறது. வேண்டுமென்றால் எங்கள் பெட்டி 335 என்ற எண்ணைச் சொல்லும். முன்னமே கைக்கு வந்துவிட்டதானால் 435 என்று சொல்லிவிடும். அது மட்டுமல்ல, கட்டுரையின் தலைப்பில், அது கடந்து வந்த பெட்டிகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அந்த வரிசையில் தன் பெயர் இருக்கும் இடத்துக்கு அது திரும்பப் போகாது. கல்யாண வீட்டில் ஒரே சமாசாரத்தைப் பத்துப் பேர் பத்துத் தடவை சொல்கிற நம்மிடம் இந்தக் கட்டுப்பாடு இல்லையே!

இனி நிறுவிய கதைக்கு வருகிறேன். பெட்டியில் முதலில் டெபியன் என்ற இலவச லினக்ஸை ஏற்றினான். அதன்மேல் ஐ.என்.என். என்ற சர்வர் நிரல். ரிச் சால்ஸ் என்பவர் எழுதி 1992-ல் வெளியிட்டது, இதுவும் இலவசந்தான். ஏற்றுவதற்கு ஒரே கட்டளை போதும். பிறகுதான் வேலை. பெட்டிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயர்தான் கட்டுரைகளின் வழித்தடத்தில் ஏறும். குழுக்களை உண்டாக்க வேண்டும். கோயில், கண்மாய், பள்ளிக்கூடம், பொது என்று நான்கு குழுக்கள் வைத்தோம். பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வைக்க வேண்டியிருந்தது; உள்ளே எழுதுவதெல்லாம் நல்ல தமிழ். யூனிகோடு வந்த பிறகு அதற்குத் தடையில்லை. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு இடம் பிடிக்கும் என்றாலும், ஒரு கோடிக் குறிகள் எழுதினாலும் மூன்று கோடி பைட்டுத்தான். எங்கள் ஊர் முழுவதும் பத்து வருஷம் பேசினாலும் பழைய பெட்டியின் ஒரு மூலை நிரம்பாது.

எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு வைஃபை பெட்டி இருக்கிறது. வாசிப்பு நிரலாகத் தண்டர்பேர்டு என்பதை எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தான். அதில் செய்திக் குழுக் கணக்கு என்ற பகுதியைத் திறந்து, பெயரைக் கொடுத்து, சர்வரின் முகவரியையும் 119 என்ற வாயில் எண்ணையும் எழுதிவிட்டால், குழுக்களின் ஜாபிதா வந்து நிற்கும். வேண்டியதற்குச் சந்தா குறித்துக்கொள்ளலாம். சந்தாப் பணம் கிடையாது. முதல் நாள் என் அறையில் எல்லாம் சரியாக வந்தது. அடுத்த வீட்டுக்காரருக்கோ 502 என்று கதவைச் சாத்திவிட்டது. சர்வர் தன் சொந்தப் பெட்டியில் உட்காருகிறவரை மட்டுமே அறியும். அண்டை வீட்டாரையும் அனுமதிக்கும்படி வாசகர் பட்டியலில் எழுத வேண்டுமாம். எழுதினோம், கதவு திறந்தது.

இவ்வளவு பாடுபட்டது எதற்காக என்று நேயர்கள் கேட்கலாம். கையிலுள்ள டெலிபோனில் ஆயிரம் குழுக்கள் இருக்கின்றனவே என்பார்கள். உண்மை. ஆனால் அந்தக் குழுக்கள் யாருடைய குதிரில் இருக்கின்றன? யூஸ்நெட்டின் பழைய கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருந்த டெஜா நிறுவனத்தின் பெருந்தொகுப்பைக் கூகிள் கம்பெனி 2001-ல் வாங்கியது. 2024 பிப்ரவரியோடு புதிய கட்டுரைகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. பழையவற்றைத் தேடிப் படிக்க விட்டிருக்கிறார்கள்; அந்த மட்டில் உபகாரந்தான். ஆனாலும் ஒருவர் மனம் வைத்துக் காப்பது வேறு, நூறு இடத்தில் இருப்பது வேறு. எங்கள் ஊர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். திருவாசகம் நமக்குக் கிடைத்தது, ஓலையை மறுபடி மறுபடி பிரதி செய்தவர்களால்தான். லோசானில் வசித்த கல்யாணசுந்தரம் 1998-ம் வருஷப் பொங்கலன்று மதுரைத் திட்டம் என்று பெயரிட்டு, தமிழ் நூல்களை மின்னெழுத்தில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடத் தொடங்கியதும் இதே வழியில்தான்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது ஒரு விபத்தினால். கண்மாய்க் குழுவில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பல நாட்கள் உட்கார்ந்து மடைகளின் கணக்கைச் சொன்னார். எந்த மடை எந்த வயலுக்கு, முறைத் தண்ணீர் யாருக்கு முதலில், கலிங்கு வழிந்தால் நீர்ப்பாய்ச்சி எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயால் வந்தது. அவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை. நான் தட்டச்சு செய்தேன். சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தால் குழு வெறிச்சென்று கிடந்தது!

திருடன் வரவில்லை, பெட்டி கெடவுமில்லை. செய்தி சர்வர் பிறந்த காலத்தில் தட்டுகளில் இடம் அருமை. ஆகையால் குறித்த நாள் கடந்த கட்டுரைகளைத் தானே துடைத்துவிடும்படி நிரலோடு ஒரு விதி வருகிறது. அதை மாற்ற வேண்டும் என்று பையன் சொல்லியிருந்தான். நான்தான் "அப்புறம் ஆகட்டும்" என்றேன். பெரியவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"தம்பி, ஒரு தடவை சொன்னால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை" என்று சொல்லிவிட்டு அவர் திண்ணையிலே திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் மதுரைக்குப் பேசினேன். "நம் பெட்டியிலிருந்து எல்லாம் இங்கே வந்துகொண்டுதானே இருந்தது, மாமா? இங்கே எதையும் அழிக்காதே என்று எழுதி வைத்திருக்கிறேன்" என்றான் பையன். உயிர் வந்தது. திருப்பி அனுப்பச் சொன்னேன். அப்போதுதான் வேடிக்கை. எங்கள் பெட்டி அவற்றை வாங்க மறுத்துவிட்டது! சிலவற்றைக் குறித்து, "இதை நான் முன்பே பார்த்தாகிவிட்டது" என்றது. கட்டுரை அழிந்தாலும் அடையாளக் குறியைச் சில காலம் அது நினைவேட்டில் வைத்திருக்கிறது. மற்றவற்றைக் குறித்து, "பத்து நாளுக்கு மேற்பட்ட பழஞ்செய்தி எனக்கு வேண்டாம்" என்றது. தன் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தால் வாசலில் நிறுத்தி வயது கேட்கிற கதை! பையன் அடுத்த பஸ்ஸில் வந்து, வயது வரம்பைப் பூஜ்யமாக்கி, நினைவேட்டைப் புதிதாக எழுதச் செய்து, துடைக்கும் விதியில் "ஒருபோதும் வேண்டாம்" என்று பொறித்தான். மத்தியானத்துக்குள் மடைகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். உலகப் பொதுக் குழுக்களை இழுத்து வைக்க ஆசைப்படாதீர்கள். அவற்றில் பல இன்று ஆளற்ற சத்திரங்கள். ஆள் இருக்கும் சிலவற்றில் விளம்பரக் குப்பை. வாயிலைத் திறந்து போட்டால் அந்தக் குப்பை நம் குதிருக்கும் வரும். ஆகையால் அயலூர்ப் பெட்டியோடு உறவு வைக்கும்போது கடவுச்சொல் அவசியம். மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும். அது பெரிய கஷ்டமில்லை. கம்பி அறுந்த காலத்தில் எழுதினவை காத்திருந்து, தொடர்பு வந்ததும் தாமே புறப்பட்டுப் போகின்றன. ஒரு வாரம் மழையில் தொடர்பு இல்லாதபோதும் தெருவுக்குள் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. மேலூரில் ஒரு சிநேகிதர் மூன்றாவது பெட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய விதியில் என்ன பொறித்திருக்கிறார் என்பதை இந்தத் தடவை நானே போய்ப் பார்க்கப் போகிறேன்.

திரும்பி வந்த கட்டுரைகளைப் பெரியவருக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். நடுவில் கையை உயர்த்தி, "மூன்றாவது மடையில் முறை மாறியிருக்கிறது. நான் சொன்னது தப்பா, நீ எழுதினது தப்பா?" என்றார். என் தப்பாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டு, திருத்தத்தை அன்று மாலையே குழுவில் எழுதிப் போட்டேன்.