ஏழு பேரும் ஒரு மலையேரியும்



உங்களில் பலருடைய கைத்தொலைபேசியில் அப்படியொரு படம் இருக்கும். பின்னால் பனிமலை, நடுவில் நீலமும் பச்சையும் கலந்த ஏரி, முன்னால் குளிர்ச்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட தங்கையோ மச்சாளோ. சுவிசிலிருந்து வந்த படம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டம் முடிந்து போகும்போது ஒரு சகோதரி இப்படியான படத்தை எனக்குக் காட்டி, "அவைக்கென்ன மிஸ், ஏரி பாத்துக்கொண்டு நிக்கினம். நான் இஞ்ச லோன்காரன் வாற வெள்ளிக்கிழமையை நினைச்சு நித்திரை இல்லாமல் கிடக்கிறன்" என்றார்.

அவருடைய கோபம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்துக்கு வெளியே உள்ளதை அவருக்குக் காட்ட யாரும் இல்லை. 2024 செப்ரெம்பரில் ஒரு பயிற்சிக்காக மூன்று கிழமை பேர்ண் நகரில் தங்கியிருந்தபோது, எங்கள் பெண்கள் ஏழு பேருடன் அப்படியொரு மலையேரிக்கு ஒருநாள் போய்வரும் வாய்ப்புக் கிடைத்தது. அதை இம்முறை எழுதுகிறேன். அவர்களுடைய சம்மதத்துடன் எழுதினாலும் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

சுவிசில் இலங்கைத் தமிழர் சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள். 1983-க்குப் பின் போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே பெரும்பாலானோர். முதல் தலைமுறைப் பெண்களில் பலருக்குக் கிடைத்தது துப்புரவு வேலை, உணவகச் சமையலறை, முதியோர் இல்லம். பேர்ணில் கிழமைக்கு ஒருமுறை கூடி டொச் மொழி பழகும் ஒரு சிறு பெண்கள் வட்டம் இருக்கிறது. அதை நடத்தும் அக்கா ஒருவர்தான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தார். ஏழு பேரும் ஏப்பிரலிலிருந்து சீட்டுப் போல கிழமைக்கு 5 பிராங் போட்டுச் சேர்த்த காசு அது. நால்வரிடம் ரயிலில் பாதிக்கட்டணம் கொடுக்கும் அட்டை இருந்தது. அப்படியும் காசு மட்டுமட்டுத்தான்.

போன இடம் ஓஷினன் ஏரி. பேர்ணிலிருந்து ரயிலில் தூன், ஸ்பீட்ஸ் வழியாகக் கண்டர்ஸ்டெக் என்ற மலைக் கிராமத்துக்கு ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம். அங்கிருந்து கம்பியில் தொங்கிப் போகும் பெட்டியில் ஏறி, இறங்கி, அரை மணித்தியாலம் நடந்தால் ஏரி. கடல்மட்டத்திலிருந்து 1,578 மீற்றர் உயரம். அதைச் சுற்றி 3,600 மீற்றர் வரை எழும்பி நிற்கும் மலைகள். 2007 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பகுதிக்குள் அடங்குகிறது. குளிர்காலத்தில் முழுக்க உறைந்துவிடுமாம். நாங்கள் போனது செப்ரெம்பரில், வியாழக்கிழமை. பிள்ளைகள் பாடசாலையில், சனக்கூட்டமும் குறைவு.

ஏன் ஏழு பேர் என்று நான் கேட்டேன். "ஏழு பேரெண்டால் எல்லாற்ற முகத்தையும் பாக்கலாம்" என்றார் அந்த அக்கா. எனக்கு உடனே நம் ஊர்ச் சுற்றுலாக்கள் ஞாபகம் வந்தன. பெரிய பஸ், பாட்டுப் பெட்டி, ஒரே நாளில் மூன்று கோயில், இரண்டு கடற்கரை, கொத்துரொட்டி. அதுவும் ஒரு சந்தோசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போகும்போது என் வேலை முழுவதும் தலை எண்ணுவதாகத்தான் இருக்கும். பின் இருக்கையில் யார் பேசாமல் வருகிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குத் தெரியாது.

புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன் ஒரு கூட்டம் வைத்தோம். எத்தனை மணி ரயில், எவ்வளவு நடை, எங்கே மலசலகூடம், கடைசித் தொங்குபெட்டி எத்தனை மணிக்கு, வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியாமல் பஸ்களில் ஏற்றப்பட்ட அனுபவம் 2009-க்குப் பிறகு நம் பெண்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? போகிற இடமும் திரும்புகிற நேரமும் தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். அகதிக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வராத ஓர் இளம்பெண், "இது பேர்ண் மாநிலத்துக்குள்ளதானா, வெளியிலயா?" என்று கேட்டார். உள்ளேதான் என்று படத்தில் காட்டிய பிறகே அவர் பெயர் கொடுத்தார். வெளியே என்றாலும் நாட்டுக்குள் போகத் தடையில்லை என்பதை அக்கா விளக்கினார். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு எல்லை என்ற சொல்லே போதும் பயப்படுவதற்கு.

தொங்குபெட்டி நிலையத்தில் முதல் சிக்கல் வந்தது. ஒருவர் பெட்டியைப் பார்த்தார், கதவு மூடுவதைப் பார்த்தார், "நான் வரேல்ல" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. கிராமத்திலிருந்து ஏரிக்கு நடந்து ஏறவும் ஒரு பாதை உண்டு. ஏறக்குறைய 400 மீற்றர் ஏற்றம், ஒன்றரை மணித்தியாலம். வட்டத்தை நடத்தும் அக்கா அவருடன் நடந்து ஏறினார். மற்ற ஆறு பேருடன் நான் பெட்டியில் போனேன். சிறு குழுவுக்கும் பொறுப்பாக இரண்டு பேர் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவர் மாட்டேன் என்றால், அவருக்காக எல்லாரும் காத்திருக்கவோ அவர் தனியே கீழே இருக்கவோ கூடாது. நடந்து வந்தவர் வழியில் மணி கட்டிய மாடுகளைக் கண்டு, அவற்றின் மடியைப் பற்றித்தான் அன்று முழுவதும் கதைத்தார். ஊரில் அவர் வீட்டில் ஆறு மாடு இருந்ததாம்.

மேலே இறங்கி நடக்கும் பாதை அழகு. கல்லும் புல்லும், சரிவில் ஊசியிலை மரங்கள். குழுவில் ஒருவர் பதுளைப் பக்கத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு குழந்தையாக வன்னிக்கு வந்த குடும்பம். மற்றவர்கள் பனியைப் பார்த்து வியந்தபோது அவர் மட்டும் மலையைப் பார்த்து, "இது எங்கயோ இடிஞ்சு வந்த மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது உண்மை. பழைய காலத்தில் மலைச்சரிவொன்று பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரிதான் அது. மேற்பரப்பில் தண்ணீர் வெளியேற வழியில்லை. 56 மீற்றர் வரை ஆழம். மலைகளிலிருந்து உருகி வரும் தண்ணீர் இடிந்து விழுந்த கற்களுக்குள்ளால் ஊறி, நிலத்துக்கடியால் போய்க் கீழே ஊற்றாக வருகிறது. கண்டர்ஸ்டெக் மக்கள் குடிக்கவும் மின்சாரம் எடுக்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இப்போதும் ஏரிக்கு மேலுள்ள ஸ்பிட்சர் ஷ்டைன் என்ற பாறைப்பகுதி நகர்ந்துகொண்டிருப்பதால் அதைக் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள், அந்தப் பக்கத்துப் பாதைகளை மூடியும் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அந்த அம்மா நினைவுபடுத்தினார். "இவங்க பாறைக்கு மெசின் வச்சிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஏரி முதன்முதலாகத் தெரியும் வளைவில் இன்னொருவர் நின்றுவிட்டார். அவர் 2009 மே மாதத்தில் நந்திக்கடலைக் கடந்து வந்தவர். அது எனக்கு முன்பே தெரியும். அவராகச் சொன்னதல்ல. "நான் இதில இருக்கிறன் பிள்ளை. நீங்கள் போட்டு வாங்கோ" என்றார்.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது என்ன? "சும்மா வாங்கோ அக்கா, ஒண்டும் செய்யாது" என்று கையைப் பிடித்து இழுப்போம். அன்பால்தான் இழுப்போம். கூட வந்த ஒருவர் அப்படித்தான் தொடங்கினார். நான் அவரிடம் தேநீர்க் குடுவையைக் கொடுத்து, பாயை அந்த வளைவிலேயே விரிக்கச் சொன்னேன். சாப்பாடு அங்கேதான். பயப்படும் பொருளுக்கு முன்னால் ஆளைப் படிப்படியாகக் கொண்டுபோய் நிறுத்தும் சிகிச்சை முறை ஒன்று இருப்பது உண்மை. அதைப் பயிற்சி பெற்ற உளவளத்துறையினர் தங்கள் அறையில், அவரின் விருப்பத்துடன் செய்யட்டும். சுற்றுலா அதற்கான இடமல்ல. அந்த அக்கா அன்று வந்தது சிகிச்சைக்கு அல்ல, ஒருநாள் லீவுக்கு.

புளிச்சாதம், அவித்த முட்டை, கட்லட், மாசிச் சம்பல். அந்த அக்கா தண்ணீருக்கு முதுகைக் காட்டி இருந்து எல்லாருக்கும் வெள்ளரிக்காய் வெட்டினார். பதுளை அம்மாவுடன் மிளகாய் விலையைப் பற்றி நீண்ட நேரம் கதைத்தார். குழுவில் மூத்தவர், அறுபது தாண்டியவர், கரைக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிக் காலை வைத்தார். போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பமே திரும்பிப் பார்த்தது. பிறகு அவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா சுவிசுக்கு வந்து 24 வருடம். அலுவல் இல்லாமல் ரயிலேறியது அன்றுதான் முதல் தடவை என்று சொன்னார். அலுவல் என்றால் வேலை, வைத்தியர், கோயில், செத்த வீடு.

அங்கே துடுப்புப் படகு வாடகைக்கு விடுகிறார்கள். இளையவர்கள் இருவர் ஏறிப் போனார்கள். வளைவில் இருந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்துக்கொருமுறை, "வந்திட்டினமோ?" என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்து, "கரையோடதான் நிக்கினம் அக்கா", "இப்ப திரும்பினம்", "கட்டுற இடத்துக்கு வந்திட்டினம்" என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். எத்தனை தடவை கேட்டாரென்று எண்ணவில்லை. அவர்கள் கரையில் கால் வைத்துவிட்டார்கள் என்றதும் அவர் ஒரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டார். அதுவரை அவர் எதையும் வாயில் வைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஏன், என்ன, யார் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சமூகவியல் வகுப்பில் எங்களுக்குக் கேள்வி கேட்கத்தான் நன்றாகப் படிப்பித்தார்கள். கேளாமல் பக்கத்தில் இருக்கும் வேலையை இந்தப் பெண்களிடம்தான் பழகினேன்.

படம் எடுக்கும் விடயத்தை முன்னரே பேசி வைத்திருந்தோம். எடுப்பவர் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், மற்றவரின் முகம் உள்ள படத்தை அவரைக் கேளாமல் யாருக்கும் அனுப்பக்கூடாது. மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவருக்கு அகதிக் கோரிக்கைப் பயம். ஒருவருக்குக் கணவர் வீட்டாரின் பயம். மூன்றாமவர் சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது. "ஊரில அக்கா பாத்தால், இவளுக்கு ஏரி பாக்கக் காசிருக்கு, என்ர பிள்ளையின்ர ரியூசனுக்கு இல்லையெண்டு நினைப்பா. நான் மாசாமாசம் அனுப்பிறன். அனுப்பிப்போட்டு மிச்சத்தில தான் அந்தச் சீட்டு அஞ்சு பிராங்கும்." அவர் காலை 5 மணிக்கு ஓர் அலுவலகமும் மாலை இன்னொன்றும் துடைக்கிறார். அக்காவிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் அக்கா கவலைப்படுவாராம்.

இப்படி ஒருவர் கவலைப்படுவார் என்று மற்றவர் மறைக்க, மறைத்ததால் மற்றவர் கோபப்பட, பல குடும்பங்களில் இதுதான் நடக்கிறது. லோன் கட்டும் சகோதரிக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: படத்தைப் பார்த்த அன்று மச்சாளிடம், "இண்டைக்கு எத்தனை மணிக்கு எழும்பினனீ?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தவணைக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் ரயில் மலையை வளைந்து வளைந்து இறங்கும். ஓரிடத்தில் மிட்ஹோல்ஸ் என்ற சிறு கிராமம் தெரிகிறது. அங்கே மலைக்குள் சுவிஸ் இராணுவத்தின் வெடிபொருள் களஞ்சியம் இருந்தது. 1947 டிசெம்பரில் அது வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். வெடிக்காமல் புதைந்து போனது இன்னும் சுமார் 3,500 தொன். அதை அகற்றுவதற்காகக் கிராமத்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் வெளியேறி இருக்க வேண்டிவரும் என்று 2020-இல் அரசாங்கம் அறிவித்தது. அக்கா இதைச் சொன்னபோது பெட்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் அந்த வீடுகளை எட்டிப் பார்த்தார்கள். வேலிகளில் பூச்செடி, கயிற்றில் காயும் உடுப்பு.

"வீட்டுக்குக் காசு குடுப்பினமோ?" என்று கேட்டார் நந்திக்கடல் கடந்த அக்கா.

"குடுப்பினம். அதுக்கு அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கு."

"முன்கூட்டியே சொல்லியும் இருக்கினம் என்ன" என்றார் அவர். பிறகு, முகமாலையில் தன் தகப்பனின் தென்னங்காணியில் கண்ணிவெடி எடுத்து முடியப் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். அன்று முழுவதும் அவர் தானாகச் சொன்ன ஒரே கதை அது. ஸ்பீட்ஸ் வரும்வரை சொன்னார். தென்னம்பிள்ளை எத்தனை வைத்தது, எத்தனை மிஞ்சியது, இப்போது யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டார்கள்.

பேர்ண் நிலையத்தில் இறங்கும்போது மாலை 6 மணி தாண்டிவிட்டது. இருவருக்கு 7 மணிக்கு வேலை. மிஞ்சிய கட்லட்டை ஒரு தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு, சப்பாத்தில் ஒட்டிய மலைச் சேற்றோடு ட்ராம் பிடிக்க ஓடினார்கள்.