கறியைக் கழுவி ஊட்டாதீர்கள்

கண்ணமங்கலத்துப் பெற்றோரே, கல்யாணப் பந்தியிலும் சரி, வீட்டுத் தட்டிலும் சரி, இந்தக் காரியத்தை எத்தனை நாள்தான் செய்வீர்கள்? உருளைக்கிழங்கு மசாலாவில் ஒரு துண்டை எடுக்கிறீர்கள், டம்ளர் தண்ணீரில் முக்குகிறீர்கள், பிள்ளை வாயில் வைக்கிறீர்கள். உப்பும் ருசியும் டம்ளரோடு போய்விடுகின்றன, எரிச்சல் மட்டும் கிழங்கில் தங்குகிறது. மிளகாயின் காப்சைசின் எண்ணெயில் கரையுமே தவிர தண்ணீரில் கரையாது. குழந்தை “உஸ் உஸ்” என்றால் அதற்கும் தண்ணீர்! பாலோ தயிரோ கொடுத்தால் அடங்கும்.

“இப்பவே காரம் பழகணும்” என்பார்கள் தாத்தாக்கள். காரம் சுவையே இல்லை, சூட்டை உணர்த்தும் நரம்பு போடும் கூச்சல். வளர வளரத் தானாகப் பழகும். மிளகாயும் போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்ததுதான். சுமார் 500 வருஷத்துக்கு முன் நம் சமையலில் மிளகுதான் காரம்.

இதைவிட வேடிக்கை, காரம் என்று கறியைக் கழுவுகிற அதே கைதான் பஸ் ஸ்டாண்டில் மிளகாய்த் தூள் அப்பிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கிறது.

தனியாகச் சமைக்க நேரமில்லை என்கிறீர்களா? தனிச் சட்டியே வேண்டாம். கால் கிலோ கிழங்கை வேகவைத்து, உரித்து, கையால் உடையுங்கள். முளைவிட்டதும் பச்சை படர்ந்ததும் வேண்டாம், அவற்றில் நஞ்சு கூடியிருக்கும். எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, ஒரு தக்காளி, மஞ்சள்தூள் சேர்த்துக் குழைய வதக்குங்கள். வெங்காயத்தில் அவசரப்படாதீர்கள், காரமில்லாத கறிக்கு இனிப்பைக் கொடுப்பது அதுதான். கிழங்கு, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் இரண்டு ஸ்பூன் தேங்காயையும் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலையையும் நைசாக அரைத்து ஊற்றினால் ஐந்து நிமிஷத்தில் கெட்டிப்படும். பிள்ளைக்கு வேண்டியதை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். கறிவேப்பிலையைப் பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் ஒட்டும். பிறகு சிறு கரண்டி எண்ணெயில் மிளகாய்த் தூளை லேசாகப் பொரித்து மீதிக் கறியில் கொட்டுங்கள். அது உங்கள் பங்கு.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உப்புப் போடுமுன்பே கொஞ்சம் கிழங்கை எடுத்து மசித்துவிடுங்கள். ஜவ்வாது மலைச் சாமை அரிசியைக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, இதோடு பிசைந்து ஊட்டலாம். சாமையோடு மலைத் தேனும் வாங்கி வருகிறோமே, அதை மட்டும் அந்த வயதில் நாக்கில் தடவாதீர்கள். எவ்வளவு சுத்தமான தேனானாலும் பொட்டுலிசம் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கைக்குழந்தையின் குடலுக்கு அதைத் தடுக்கத் தெரியாது.

அரசுப் பள்ளிச் சத்துணவில் வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு உண்டு. அங்கே தட்டைக் காலி செய்கிற பிள்ளை வீட்டில் முகம் சுளித்தால் குறை பிள்ளையிடம் இல்லை.

பொறுமையில்லாமல் மிளகாய் சேராத கறியையே எடுத்துப் போட்டுக்கொண்டு, “சப்பென்று இருக்கே” என்று தட்டைத் தள்ளுகிற அப்பாக்களுக்கு, ஊறுகாய் ஜாடி அலமாரியில்தான் இருக்கிறது. எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.