கொள்ளிடத்தில் வெள்ளம்! கடைமடையில் வெடிப்பு!

கண்ணம்பாடியும் கபினியும் நிரம்பி வழிந்தாலன்றிக் கருநாடகம் காவிரி மதகைத் திறவாது. திறக்குங்கால் தாங்கவியலாத அளவுக்குத் திறந்துவிடும். தமிழகத்தை அது பங்காளியாகக் கருதவில்லை, வடிகாலாகவே கருதுகின்றது. 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச அறமன்றம் நமக்கு வகுத்தளித்த 17,725 கோடி கன அடி, திங்கள்தோறும் முறைப்படி வரவேண்டிய நீர். சில கிழமைகளிற் கொட்டித் தீர்க்கும் வெள்ளமன்று. இதனை ஓயாது எழுதுவோம். ஆனால் வந்த நீரை நாம் என்ன செய்தோம்? அவ்வினாவையும் அண்டை மாநிலத்தின் தலையிற் சுமத்திவிட இயலுமா?

அவ்வாண்டு சூலை 23-இல் மேட்டூர் 120 அடியை எட்டியது. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணை 9,347 கோடி கன அடி கொள்ளும். ஆயினும், நிரம்பிவிட்ட அணை வெள்ளத்தைப் பொறுத்தவரை இல்லாத அணையே! மேலே வருவது அப்படியே கீழே போகும். ஆகசுட்டில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலக்கம் கன அடி போயிற்று. கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் தனித்தனியே பத்தாயிரம் கன அடி அளவே தாங்கும். முக்கொம்பிலும் கல்லணையிலும் எஞ்சியதைக் கொள்ளும் இடம் கொள்ளிடம். பெயரிலேயே பொறியியலை வைத்தனர் நம் முன்னோர். அவர்தம் வழிவந்தோரோ அதன் மணலை அள்ளி விற்றனர்! ஆகசுட்டு 22 இரவு, 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் சரிந்து ஆற்றோடு போயின. மணற்கொள்ளையே கரணியம் என்றனர் உழவர். அன்று என்றது அரசு. அதே நாள்களில், நாகை, திருவாரூர்க் கடைமடைகளில் வாய்க்காலுக்கு நீர் வரவில்லையென்று போராட்டம்!

ஆற்றுநீர் கடலிற் கலப்பதே இழப்பு என்போர் கூற்றை நாம் ஏற்கோம். கழிமுகத்தில் நன்னீர் தள்ளாவிடின் உப்புநீர் நிலத்துள் ஏறும். மீனவர்க்கும் அந்நீரிற் பங்குண்டு. போகும் வழியில் ஏரி குளங்களைத் தொடாமற் போனதே நம் குறை. மேட்டூர் மிகைநீரைச் சேலம் மாவட்டத்து 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2021-இல் தொடங்கப்பெற்றது, நன்று. அது கொள்வதோ 56 கோடி கன அடிக்கும் குறைவு. 2018 வெள்ளத்தில் அது முக்கால் மணி நேரத்து நீர்! மாயனூரிலிருந்து வைகை, குண்டாறு நோக்கிய கால்வாய்க்கும் அவ்வாண்டே கால்கோள் நடந்தது. அதற்கும் தடை கேட்டுக் கருநாடகம் அறமன்றம் ஏறியது. கடலுக்குப் போகும் நீரையும் தர உளமில்லை!

கடைமடைக்கோ புதுத்திட்டம் எதுவும் வேண்டா. சூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். பல ஆண்டுகளில் அந்நாள் நெருங்கிய பின்னரே தூர் வாரத் தொடங்குகின்றனர். கரையில் வெட்டிப் போட்ட மண், வரும் நீரிலேயே கரைந்து மீண்டும் வாய்க்காலுள் இறங்குகின்றது. சித்திரைக்குள் வாய்க்காலும் மதகும் கலிங்கும் சீராக வேண்டும். கடைமடை உழவர் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே ஒப்பந்தக்காரர்க்குப் பணம் தரப்பெறல் வேண்டும்.