சில்லு வேலைக்குப் போகுமுன் சில்லு விலையைப் பாருங்கள்

பெர்மாஸ் ஜெயாவில் அதிகாலை நான்கரைக்கே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். ஜொகூர் பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் சில்லுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களும் அதில் உண்டு. 2022இல் எல்லை திறந்ததும் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஓ.டி. மேல் ஓ.டி. அடுத்த ஆண்டே எல்லாம் நின்றது. "ஸ்டாக் தேங்கிப்போச்சு" என்றார்.

ஏன் தேங்குகிறது? சில்லுத் தொழிற்சாலை கட்டப் பல நூறு கோடி ரிங்கிட் வேண்டும். செலவில் பெரும்பங்கு கட்டடமும் இயந்திரமும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இயந்திரத்தின் மதிப்பு தேய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மின்சாரம், இரசாயனம், சம்பளம் ஆகியவற்றுக்கு மட்டும் பணம் வந்தால்கூட ஓட்டவே பார்ப்பார்கள். எல்லாரும் இப்படி ஓட்டினால் விலை மேலும் சரியும். பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். ரப்பர் விலை விழுந்ததற்காக நட்ட மரத்தைப் பலர் சும்மா விடவில்லை.

இன்னொரு சிக்கல் காலம். விலை உயர்ந்திருக்கும்போது எல்லாரும் கட்டத் தொடங்குகிறார்கள். கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள். திறப்பு விழாவும் ஒரே சமயத்தில்தான். நினைவகச் சில்லுகளில் ஜெர்மனியின் கிமோண்டா 2009இலும் ஜப்பானின் எல்பிடா 2012இலும் திவாலாயின. 2023இல் சாம்சுங்கின் சில்லுப் பிரிவே ஏறக்குறைய 15 டிரில்லியன் வோன் நட்டப்பட்டு உற்பத்தியைக் குறைத்தது.

நம் நாட்டிலும் கதை உண்டு. கசானாவின் சில்தெரா கூலிமில் பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடி, 2021இல் 27.3 கோடி ரிங்கிட்டுக்குக் கைமாறியது. அதே கூலிமில் 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் தன் சிலிக்கன் கார்பைடு ஆலையைத் திறந்தது. பத்தே மாதத்தில், அதே துறையின் அமெரிக்க முன்னோடியான வுல்ஃப்ஸ்பீட் திவால் பாதுகாப்பு கேட்டது. மின்சாரக் கார் விற்பனை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. சீன ஆலைகள் விலையைத் தட்டி இறக்கின.

2024 மே மாதம் பிரதமர் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களைக் கேட்கிறது. நல்லதுதான், நானே அந்தப் பக்கம் போகலாம். ஆனால் இத்திட்டத்துக்கு அரசு ஒதுக்குவது 2,500 கோடி ரிங்கிட். பொதுப் பணத்தில் சலுகை பெறும் நிறுவனம், மந்த காலத்தில் ஆட்களை வெளியே அனுப்பாமல் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டால் என்ன? ஆலைக்கு மட்டும் சலுகை, ஆளுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கல்விக் கண்காட்சிகளில் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்றுதான் நாம் கேட்கிறோம். தம்பி தங்கைகளே, அடுத்த முறை இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "2023இல் உங்கள் ஆலையில் எத்தனை பேரை நிறுத்தினீர்கள்?"